சிறிய கேம்பிங் ட்ரெய்லர்: காரிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

டொரோண்டோவிலோ நியூ ஜெர்ஸியிலோ இருக்கும் ஒரு குடும்பம், சில கோடைகளைக் கூடாரத்தில் கழித்த பிறகு, சின்னதாக ஒரு ட்ரெய்லர் வாங்கலாமா என்று யோசிப்பது இயல்பு. மழை நாளில் ஈரத் தரையில் படுத்து எழுந்தவர்களுக்கு அந்த ஆசை சீக்கிரமே வந்துவிடும். அடுத்த சனிக்கிழமை விற்பனை நிலையத்துக்குப் போவார்கள். வரிசையாக நிற்பவற்றில் ஒன்றின் கதவைத் திறந்து உள்ளே மெத்தையையும் குட்டி அடுப்பையும் பார்த்ததும் மனம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். "எங்கள் கார் இதை இழுக்குமா?" என்ற கேள்வி கடைசியில்தான் வரும். விற்பவர் "தாராளமாக இழுக்கும்" என்பார்.

கேள்விகளின் இந்த வரிசையை மாற்ற வேண்டும். முதலில் உங்கள் காரைப் பற்றிய மூன்று எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த எண்களுக்குள் அடங்கும் ட்ரெய்லர்களை மட்டும் போய்ப் பாருங்கள். இழுவைத் திறனுள்ள பெரிய பிக்கப் வைத்திருப்பவருக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. மினிவேன், சிறிய எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்களுக்கு இதுதான் எல்லாமே.

முதல் எண், கார் இழுக்கக்கூடிய மொத்த எடை. எல்லாரும் சொல்வது இதைத்தான். ஹோண்டா ஒடிசி, டொயோட்டா சியன்னா போன்ற மினிவேன்களுக்கு 3,500 பவுண்டு, அதாவது சுமார் 1,590 கிலோ. ஹோண்டா சி.ஆர்.வி.க்கு 1,500 பவுண்டுதான். இந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் அதை எவ்வளவு நம்பலாம் என்பது புரியும். பல நிறுவனங்கள் பின்பற்றும் பொதுச் சோதனை முறையில் அரிஸோனாவின் டேவிஸ் அணை ஏற்றம் ஓர் அளவுகோல். சுமார் 18 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மலைச்சாலையில், கடும் வெயிலில், ஏ.சி.யை முழுதாக ஓடவிட்டு வண்டி ட்ரெய்லரோடு ஏற வேண்டும். நல்ல சோதனைதான். ஆனால் காருக்குள் ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டும், தலைக்கு 150 பவுண்டு என்று கணக்கு வைக்கிறார்கள். நான்கு பேரும், அவர்களுடைய பைகளும், ஐஸ் பெட்டியும் ஏறிய வண்டிக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. சில நிறுவனங்களின் கையேட்டில், பயணிகள் கூடக்கூட இழுவை வரம்பு குறைவதை அட்டவணையாகவே போட்டிருப்பார்கள். அதைத் தேடிப் படியுங்கள்.

இரண்டாவது எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது. பயணிகள், சுமை இரண்டும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். பேலோட் என்பார்கள். ஒரே மாடலில்கூட, கூரைக் கண்ணாடி, கூடுதல் இருக்கை என்று வசதி ஏற ஏற இந்த எண் இறங்கும். அதனால் இணையத்தில் தேடாமல் உங்கள் வண்டியிலேயே பார்ப்பது நல்லது.

மூன்றாவது, ஹிட்ச் தாங்கும் செங்குத்துச் சுமை. ட்ரெய்லரின் முன்மூக்கு, காரின் பின்னால் உள்ள ஹிட்ச் பந்தின்மேல் உட்கார்ந்து கீழ்நோக்கி அழுத்துகிறது. இதை டங் வெயிட் என்கிறார்கள். நிறைத்த ட்ரெய்லரின் மொத்த எடையில் இது 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். அந்த எடை முழுவதும் உங்கள் காரின் பேலோடில் கழிகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளம்பரத் தாளில் ட்ரெய்லரின் ட்ரை வெயிட், அதாவது வெற்று எடை, 2,400 பவுண்டு என்று இருக்கிறது. உங்கள் மினிவேன் 3,500 இழுக்கும். 1,100 பவுண்டு மிச்சம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் வெற்று எடையில் பெரும்பாலும் பேட்டரியும் புரோப்பேனும் சேராது. அவற்றுக்கு 100 பவுண்டு வையுங்கள். விற்பனை நிலையத்தில் பொருத்திய ஏ.சி., வெளிப்பந்தல் ஆகியவற்றுக்கு 120. ஓர் அமெரிக்க கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 20 கேலன் தொட்டியை நிரப்பினால் 166. பாத்திரம், போர்வை, அரிசி பருப்பு, மடக்கு நாற்காலி, பிள்ளைகளின் சைக்கிள் என்று 400. மொத்தம் 3,186 பவுண்டு. இன்னும் வரம்புக்குள்தான். ஆனால் அதில் 12 விழுக்காடு என்றால் டங் வெயிட் 382 பவுண்டு. 3,500 பவுண்டு இழுக்கும் வண்டிகள் பலவற்றின் ஹிட்ச் வரம்பு 350. அதாவது இழுவை வரம்பில் இடம் இருக்கும்போதே ஹிட்ச் வரம்பு மீறிவிட்டது.

பேலோடையும் பார்த்துவிடுவோம். கதவுச் சீட்டில் 1,200 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் 500 பவுண்டு, காருக்குள் சாமான் 200, ஹிட்ச் இரும்பு 50, டங் வெயிட் 382. கூட்டினால் 1,132. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் உடன் வந்தால் கணக்கு உடைந்துவிடும். எந்த எண் முதலில் நிறைகிறதோ அதுவே உங்கள் வரம்பு. மினிவேன்களிலும் சிறிய எஸ்.யூ.வி.களிலும் அது பெரும்பாலும் இழுவை எண்ணாக இருப்பதில்லை. பேலோடோ ஹிட்ச்சோ முந்திக்கொள்ளும்.

இந்த இடத்தில் சிலருக்கு ஒரு யோசனை வரும். டங் வெயிட்தானே அதிகம், கனமான சாமான்களை ட்ரெய்லரின் பின்பக்கம் நகர்த்திவிட்டால் முன்மூக்கு இலேசாகுமே என்று. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரமும் பின்பாரமும் தெரியும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இழுக்கும். ட்ரெய்லரில் பின்பாரத்தின் விளைவு இன்னும் கொடியது. நெடுஞ்சாலை வேகத்தில் ட்ரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். பெரிய லாரி ஒன்று கடந்துபோகும் காற்று போதும், அந்த ஆட்டம் தொடங்க. ஆட்டம் வளர்ந்துவிட்டால் காரையும் சேர்த்துச் சாலையை விட்டுத் தள்ளும். அப்படி ஆடினால் காரின் பிரேக்கை அழுத்தக்கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். ட்ரெய்லரின் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் காரில் இருந்தால் அதன் விசையைக் கையால் அழுத்தி ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்கவைக்க வேண்டும்.

சுமையைக் குறைப்பதே உண்மையான தீர்வு. தண்ணீரை முகாமுக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம். அதைவிட, தொடக்கத்திலேயே இலேசானதாகத் தேர்ந்தெடுக்கலாம். ட்ரெய்லரின் வெற்று எடை, காரின் இழுவை வரம்பில் அறுபது விழுக்காட்டுக்குள் இருந்தால் நிம்மதி என்பது என் எண்ணம். 3,500 இழுக்கும் மினிவேனுக்கு சுமார் 2,000 பவுண்டு ட்ரெய்லர். வாங்கிய பிறகு, சாமான் ஏற்றி, நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் இருக்கும் எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். செலவு கொஞ்சம்தான்.

எடை மட்டும் போதாது, காற்றையும் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் இஞ்சினைத் தின்பது எடையைவிடக் காற்றின் எதிர்ப்பு. இலேசான, ஆனால் உயரமான பெட்டி ஒன்று, கொஞ்சம் கனமான, தாழ்வான ட்ரெய்லரைவிட அதிக எரிபொருள் கேட்கும். சில கார்க் கையேடுகளில் ட்ரெய்லரின் முன்முகப் பரப்புக்குச் சதுர அடியில் தனி வரம்பே உண்டு. வேகம் கூடக்கூட எதிர்ப்பு அதன் வர்க்கத்தில் ஏறுவதால், மணிக்கு 70 மைலிலிருந்து 60 மைலுக்கு இறங்கினாலே வித்தியாசம் தெரியும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள், சார்ஜ் தாங்கும் தூரம் பாதிக்கு வரலாம் என்று எண்ணிக்கொண்டு பாதையைத் திட்டமிட வேண்டும்.

சரி, 2,000 பவுண்டுக்குள் என்னென்ன கிடைக்கும்?

மிகச் சிறியது டியர்டிராப். 1930-களிலிருந்தே இருக்கும் வடிவம். முன்னால் உருண்டு, பின்னால் சரிந்து வரும் உடல். உள்ளே இருவர் படுக்கும் மெத்தை மட்டும், நிற்க முடியாது. பின்கதவைத் தூக்கினால் அதுதான் சமையலறை. காற்றை எளிதாகக் கிழித்துக்கொண்டு போகும், பல வீட்டு கராஜ்களுக்குள்ளும் நுழைந்துவிடும். கணவன் மனைவி இருவர் மட்டும், அதுவும் பகலெல்லாம் வெளியில் இருப்பவர்கள் என்றால் இதைவிட நல்லது இல்லை. மழையில் இரண்டு நாள் அடைபட்டால் பொறுமை தேவைப்படும்.

பாப்அப் என்னும் மடக்கு ட்ரெய்லரில் தாழ்வான பெட்டியைத் திறந்தால் இரு பக்கமும் துணிச் சுவரோடு படுக்கைகள் நீளும். குறைந்த எடையில் ஆறு பேர்கூடப் படுக்கலாம். இதன் குறையெல்லாம் அந்தத் துணியில்தான். நனைந்த துணியை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் மறுபடி விரித்துக் காயவைக்க இடம் வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இது பெரிய சிரமம். கரடிப் பகுதிகளில் இன்னொரு தடையும் உண்டு. யெல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் துணிச் சுவர் கொண்ட எதற்கும் அனுமதி இல்லை. முக்கோணக் கூரையாக எழும் ஏ-ஃப்ரேம் ட்ரெய்லர்களுக்குக் கெட்டிச் சுவர் இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் உள்ளே நிமிர்ந்து நிற்க நடுவில்தான் இடம்.

என் மனதுக்குப் பிடித்தது ஃபைபர்கிளாஸ் முட்டைகள். 1968-இல் கனடாவின் வின்னிபெக்கில் ரே ஒலெக்கோ என்பவர் போலர் என்ற 13 அடி ட்ரெய்லரை உருவாக்கினார். அச்சில் வார்த்த இரண்டு ஃபைபர்கிளாஸ் ஓடுகளை மேலும் கீழுமாகச் சேர்த்த உடல். எடை ஆயிரம் பவுண்டுக்கும் குறைவு. அதன் தயாரிப்பு 1980-களில் நின்றுபோனாலும், பழைய போலர்களை இன்றும் தேடி வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். அதே வழியில் மினசோட்டாவின் பேக்கஸ் என்ற சிற்றூரில் ஸ்கேம்ப் 1970-களின் தொடக்கத்திலிருந்து தயாராகிறது, டெக்சாஸில் கசிட்டா. 13 அடி ஸ்கேம்ப், வசதிகளைப் பொறுத்து ஏறக்குறைய 1,200 முதல் 1,500 பவுண்டு.

இவற்றை நான் உயர்த்திச் சொல்லக் காரணம் அழகு இல்லை, தண்ணீர். ட்ரெய்லர்களைக் கொல்வது தண்ணீர்தான். அமெரிக்க ட்ரெய்லர்களில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. விலை குறைந்தவற்றில் மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு, அல்லது ஒட்டிய பலகைச் சுவர். கூரையும் சுவரும் சந்திக்கும் ஒவ்வொரு மூலையும் ஓர் ஒட்டு; அந்த ஒட்டுகளைக் காப்பது அவற்றில் பூசிய பசை மட்டும். சாலையின் குலுக்கலிலும் பனியிலும் பசை விரிந்தால் உள்ளே நீர் இறங்கி, வெளியே தெரியாமல் மரம் உளுத்துப்போகும். இரண்டே ஓடுகளாக வார்த்த உடலில் ஒட்டுகள் குறைவு. ஜன்னல், கூரைத் திறப்பு, ரிவெட் ஓட்டைகள் ஆகியவற்றில் அங்கேயும் கசியும். ஆனால் உளுத்துப்போக உடலில் மரம் குறைவு. அதனால்தான் முப்பது, நாற்பது வயதான முட்டைகள் இன்னும் ஓடுகின்றன, பழசானாலும் விலை இறங்க மறுக்கின்றன. புதிதாக வாங்க விலையும் அதிகம், காத்திருக்கவும் நேரலாம்.

பழைய ட்ரெய்லர் பார்க்கப் போகிறவர்கள் மூக்கை நம்புங்கள். கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை வந்தால் திரும்பிவிடுவது நல்லது. வாசனைத் திரவியம் பலமாக அடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். மெத்தைகளைத் தூக்கி மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பலகை மெத்தென்று அமுங்கினால் உள்ளே அழுகல். பிறகு கீழே படுத்து அடிச்சட்டத்தில் விரிசலும் துருவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டயரின் வரிப்பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும் வயதைப் பாருங்கள்: பக்கச் சுவரில் டாட் என்ற குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பதால் ட்ரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன் வெயிலில் வெடித்துப்போகும். ஆறு வயதைத் தாண்டியிருந்தால் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் விஷயத்தில் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். கலிஃபோர்னியாவில் 1,500 பவுண்டு மொத்த எடையிலிருந்தே ட்ரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும்; ஒன்டாரியோவில் 1,360 கிலோவிலிருந்து. சட்டம் கேட்காவிட்டாலும் மின்பிரேக் உள்ளதையே வாங்குங்கள். மினிவேனின் பிரேக்குகள், தன் எடையில் பாதிக்கு மேல் உள்ள ஒன்றையும் சேர்த்து மலைச்சரிவில் நிறுத்தச் செய்யப்பட்டவை அல்ல. காரில் நான்கு முனை இணைப்பு மட்டும் இருந்தால் விளக்கு மட்டுமே எரியும். பிரேக்குக்கு ஏழு முனை இணைப்பும் கன்ட்ரோலரும் பொருத்த வேண்டும்.

உள்ளே என்ன வேண்டும் என்பதில் ஆளுக்கு ஆள் தேவை வேறுபடும். சிலவற்றை மட்டும் சொல்கிறேன். விற்பனை நிலையத்திலேயே வெட்கப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் கட்டிலில் படுத்துப் பாருங்கள். பல சிறிய ட்ரெய்லர்களில் சுவர் ஓரம் படுப்பவர் இரவில் எழ வேண்டுமென்றால் மற்றவரைத் தாண்டித்தான் வர வேண்டும். சாப்பாட்டு மேசையை இறக்கித்தான் கட்டிலாக்க வேண்டும் என்றால் தினமும் இரண்டு வேளை அந்த வேலை இருக்கும். பெரியவர்கள் உடன் வருவார்கள் என்றால் கழிப்பறை உள்ளதா என்பதே முதல் கேள்வி. அவர்களை நடுராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் பொதுக் கழிப்பறைக்கு நடக்கவைக்க முடியாது. கழற்றி எடுத்துக் கொட்டக்கூடிய பெட்டி வைத்த சிறு கழிப்பறை இலேசானது, அதுவே போதும்.

அடுத்தது சமையல். நம் சமையல் அந்தச் சின்ன அறைக்குள் வேண்டாம். தாளிப்பின் எண்ணெய்ப் புகை மெத்தையில் ஏறினால் இறங்காது. சோறு வெந்த ஆவி இரவில் சுவரில் நீராக வழியும். கரடி நடமாடும் காடுகளில் படுக்கும் இடத்தில் சாப்பாட்டு வாசனை இருப்பதும் நல்லதல்ல. வெளியில் ஒரு மேசையும் இரட்டை அடுப்பும் வைத்துச் சமைத்துவிட்டு, உணவை எல்லாம் காருக்குள் பூட்டிவிட வேண்டும். ஆகவே உள்ளே பெரிய சமையல் மேடை உள்ள மாடலுக்குப் பணம் கொடுப்பதைவிட, அந்த இடம் கட்டிலுக்குப் போன மாடலே நமக்கு ஏற்றது. குளிருக்காக அடுப்பை உள்ளே எரியவிடுவதோ கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதோ உயிரைப் பறிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. அதற்கான அலாரத்துக்கும் காலாவதித் தேதி உண்டு, பாருங்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மின் இணைப்புள்ள இடங்களில் எல்லாமே ஓடும். இல்லாத இடத்தில் பேட்டரியை நம்பி ஏ.சி. ஓட்ட முடியாது. 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நாளொன்றுக்கு 30 முதல் 50 ஆம்பியர்-மணி இழுக்கும். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால் ஒரு நாள்தான் வரும், லித்தியம் என்றால் இரண்டு நாள். பைன் மர நிழலில் சூரியத் தகடு பெரிதாக உதவாது.

மோட்டார்ஹோமுக்குப் பதில் சிறிய ட்ரெய்லர் என்ற முடிவில் ஒரு பெரிய லாபம் உண்டு. முகாமில் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டுக் காரோடு சுற்றலாம். மொண்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் 'கோயிங் டு த சன்' மலைச்சாலையின் உயரமான பகுதியில் 21 அடிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, ட்ரெய்லர் நீளத்தையும் சேர்த்து, அனுமதி இல்லை. ட்ரெய்லர்காரர்கள் அதைக் கீழே விட்டுவிட்டு அந்தச் சாலையில் ஏறிவிடுவார்கள்.

குளிர்காலத்தில் அதை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்பதையும் வாங்கும் முன்பே விசாரியுங்கள். வீட்டு முற்றத்தில் ட்ரெய்லர் நிறுத்தப் பல நகராட்சிகள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. வெளி இடத்தில் நிறுத்தினால் மாத வாடகை. குழாய்களில் உள்ள நீரை வடித்து, உறையாத திரவம் ஊற்றாமல் விட்டால் முதல் கடுங்குளிரிலேயே குழாய் வெடிக்கும்.

இவ்வளவும் பார்த்து ஒரு மாடலில் மனம் நின்றுவிட்டதென்றால், உடனே கையெழுத்துப் போடாதீர்கள். அதே மாடலையோ அதற்கு நெருங்கியதையோ உங்கள் சொந்தக் காரில் மாட்டி, உங்கள் முழுக் குடும்பத்தோடு, ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். மழை அறிவித்திருக்கும் வார இறுதியாக இருந்தால் இன்னும் நல்லது.